சுவர்ப்பக்கம்

செங்கல்பட்டின் பிற்பகல் வெயில் வார்டின் பச்சைத் திரையில் கசிகிறது. பக்கவாதத்தில் கிடக்கும் திருப்போரூர் தனகோடியைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம். முதுகின் சிவப்பு புண்ணாகிவிடக் கூடாது. நர்ஸ் மேக்னா அவர் தோளில் கை வைக்கிறாள். காலையில் இதே கையால்தான் பக்கத்துக் கட்டிலில் இறந்துபோன முதியவரின் கண்களை மூடினாள். அதன் பிறகு அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. "இப்பத்தான் தூங்குறாரு, வுட்டுடும்மா," என்கிறாள் தனகோடியின் மனைவி வேண்டா. "புண்ணு வந்துட்டா தூக்கமே வராதும்மா. இடுப்பப் புடிங்க." இருவருமாகத் திருப்புகிறார்கள். தனகோடி கண் விழிக்கிறார். எதிரே வெறும் சுவர். கோணிய வாய் சத்தமில்லாமல் அழுகிறது. "என்னப் பாத்துகினேதான் தூங்குனாரு. இனிமே செவுத்தப் பாக்கணுமா?" மேக்னா கட்டில் சக்கரத்தருகே குனிகிறாள். பிரேக்கை விடுவித்துக் கட்டிலை இழுக்கிறாள். சக்கரம் கிறீச்சிடுகிறது. சுவரோரம் ஓர் ஆள் நுழையும் சந்து விழுகிறது. வேண்டா புடவையைச் சுருட்டிக்கொண்டு அதற்குள் போய் உட்காருகிறாள். மேக்னா தனகோடியின் முதுகுக்குத் தலையணை அணைத்து வைக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வருகிறது: "தோ, இங்கதான் கீறேன் பாரு."