முகம் மூடிய சேவகன்

கைகள் இரண்டையும் கற்றூணாக நட்டிருந்த தென்னங்குற்றியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அடுத்த அடியில் பேதுருவின் முதுகுத் தோல் கிழிந்தது. கத்தினால் எல்லாம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"உண்மையா அடிக்கிற மாதிரியே கிடக்கு!" என்று முன்னுக்கு இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை. முல்லைத்தீவுக் கரையில், கோயில் முற்றத்தில், திருப்பாடுகளின் காட்சி. பேதுருதான் யேசு.

ஊரில் அவனிடம் அடி வாங்காத முதுகு குறைவு. அப்படிப்பட்டவன் இந்த வேடத்துக்கு ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் இருந்தது. கோயில் காரியங்களுக்குத் தலைவரான பழைய மூப்பர் செத்து, அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. கற்றூணில் கட்டுண்டு வாய் திறவாமல் அடி தாங்குகிறவனே புது மூப்பர். மூப்பராக இருக்கும்வரை வருடாவருடம் யேசுவும் அவனே. முனகினாலும் பதவி அடுத்தவனுக்குப் போய்விடும்.

காலையிலேயே அவனுக்கு எரிச்சல். மனைவி யூலிற்றா வெறுந்தேத்தண்ணியை இடக்கையால் நீட்டியிருந்தாள்.

"பெரிய வெள்ளியிலயும் பீச்சாங்கையோடி?"

"மற்றக் கை வீங்கிக் கிடக்கு. முந்தநாள் நீங்கள்தானே..."

"வாயை மூடு."

அவரவர் தனக்குப் பொருந்திய கோயில் பணியைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்று தவக்காலத் தொடக்கத்தில் சுவாமி பிரசங்கம் வைத்திருந்தார். "எனக்கும் ஏதும் பணி இருக்குமோ?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள். "உனக்குக் குசினியில அடுப்படி வேலை காணும்" என்று இவன் சிரித்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. வழக்கமாகச் சாட்டை என்பது சிவப்புச் சாயம் தோய்த்த பஞ்சுக் கயிறு. தடவிக் கொடுப்பதுபோல விழும்; வாய் திறவாமல் தாங்குவதெல்லாம் பெயருக்குத்தான். இன்றைக்கு வந்தது முடிச்சுப் போட்ட வலைக்கயிறு.

அடிப்பது யாரென்று பார்க்கவும் வழியில்லை. ஆண்டவரை அடித்த கை இன்னாருடையது என்று ஊர் பேசக்கூடாதாம். சாட்டை பிடிக்கும் சேவகன் கால்வரை அங்கி போட்டு, கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொள்வது அந்தக் கரையின் வழமை. ஆள் யாரென்று சுவாமிக்கு மட்டும்தான் தெரியும்.

துசியந்தன்தான் என்று பேதுரு முடிவுகட்டினான். கரைவலைச் சண்டையில் துசியந்தனுடைய பல்லை உடைத்தவன் பேதுரு. அடிகள் இடத்தோளிலேயே வந்து வந்து விழுந்தன. இரத்தம் இடுப்புத் துணிவரை வழிந்தது.

"இரடா. மூப்பரான கையோட உன்ர மிச்சப் பல்லையும் கழட்டிறன்" என்று சேவகனுக்கு மட்டும் கேட்க, உதடு அசையாமல் உறுமினான். பதிலுக்கு இன்னும் பலமாக ஒன்று விழுந்தது.

தூரத்தில் செல் குண்டு விழுந்து வெடிக்கிற சத்தம் கேட்டது. சனம் அசையவில்லை. பேதுரு நிமிர்ந்து பார்த்தான். துசியந்தன் கூட்டத்துக்குள் நின்று, ஓட்டைப் பல் தெரிய அழுதுகொண்டிருந்தான்.

அப்படியென்றால் இது யார்? தான் கைவைத்த ஆம்பிளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். அடிகள் முடிந்தும் ஆட்கள் முடியவில்லை.

காட்சி முடிந்ததும் சுவாமியே வந்து கட்டை அவிழ்த்து அவனைத் தாங்கிப் பிடித்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"பேதுரு, இனி நீர்தான் எங்கட மூப்பர்."

சந்தோசப்பட அவனுக்கு நேரம் இல்லை. படங்குத் திரைக்குப் பின்னால் பாய்ந்து, கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்ற சேவகனின் கழுத்தை ஒரு கையால் நெரித்தான். மற்றக் கையால் கறுப்புத் துணியைப் பிடுங்கினான்.

பிடி தானாகவே தளர்ந்தது.

யூலிற்றா பதறவில்லை. வீங்கிய வலக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடக்கையால் கயிற்றை ஆணியில் பத்திரமாக மாட்டினாள்.

"இஞ்சாருங்கோ, எனக்குப் பொருந்தின பணி அகப்பட்டிட்டுது" என்றாள். "வாற வருசமும் நான்தான் சேவகன்."