சுண்டுவிரல்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கும் சந்திரிகாவுக்கு வலது கை மரத்துப்போய் மாதக்கணக்காகிறது. ராத்திரியில் தோள்வரை சுள்ளென்று இழுக்கும். பகலில் ஊசி குத்தினாலும் தெரியாது. நரம்பு என்றார் டாக்டர். ஓய்வெடுத்தால் தீபாவளி ரவிக்கைகளை யார் தைப்பது?

புருஷன் தயாளன் இருந்தவரை, தேத்தண்ணி நேரத்துக்குக் கடைக்கே வந்து அந்தக் கைக்கு நெட்டி எடுத்துவிடுவார். அவள் சின்ன வயதில் ஒடித்துக்கொண்ட சுண்டுவிரலை மட்டும் தொடமாட்டார். அவர் போய் ஒரு வருஷம்.

அன்று அவளுடைய இடக்கையில் கோப்பை. மெஷின்மேல் சும்மா கிடந்த வலக்கையில், கட்டைவிரல் தொடங்கி ஒவ்வொன்றாக நான்கு விரலிலும் நெட்டி முறிந்தது.

"சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுலா அக்கா," என்றாள் எதிர் மெஷினில் இருந்த குமுதா. "யாரு எடுத்துவிட்டா?"

சந்திரிகா கோப்பையை வைத்துவிட்டு வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் அதே நேரத்தில் கையை விரித்து வைத்தாள்.

"சுண்டுவிரலுக்கும் எடுங்க," என்றாள் மெதுவாக. "மரத்துதானே கெடக்கு, வலிக்காது."

நான்கு நெட்டி முறிந்தது. சுண்டுவிரலில் சத்தமே இல்லை. அதன் தோல் மட்டும், யாரோ தடவிக்கொடுப்பதுபோல, அமுங்கி அமுங்கி எழுந்தது. கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.