ஏழாம் நம்பர் தகடு

நிக்கல் தகட்டில் செலினைடு பூசி, மின்சாரத்தைச் சேமிக்கும் மின்முனை செய்வது தமிழ்ச்செல்வியின் ஆராய்ச்சி. ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் அவளுக்கு டாக்டர் பட்டம்.

"ஏழாம் நம்பர் தகடு பிரமாதம்மா," என்றார் வழிகாட்டி பழனிவேல். "ஆயிரம் தடவ சார்ஜ் ஏத்தி எறக்கியும் பூச்சு துளிகூட உதிரல. அதத்தான் கட்டுரையில போட்டிருக்கேன். சிதம்பரம் கருத்தரங்குல நாளைக்குப் படிக்கிறோம்."

"சார், அந்த ஏழாம் நம்பர்..."

"உன் பேர் இல்லன்னு சொல்ல வர்ற. என் மச்சான் எழிலனுக்கு புரமோஷன் நிக்குது. அடுத்த கட்டுரை உனக்கு."

"அது இல்ல சார்..."

"இந்த வயசுல பேருக்கு அலையக் கூடாதும்மா."

மச்சானோடு அவர் கடலூரிலிருந்து பஸ் ஏறிவிட்டார். கூட ஆராய்ச்சி செய்யும் வித்யாவுக்குப் பொறுக்கவில்லை.

"நாலு வருஷ உழைப்புடி. வாயத் தொறந்து உன் பேரக் கேக்க மாட்டியா?"

"நான் பேரக் கேக்கலக்கா. ஏழாம் நம்பர் ஒப்பிட்டுப் பாக்க வச்சிருந்த வெறுந்தகடு. உதிர்றதுக்கு அதுல பூச்சே இல்ல."

"அடிப்பாவி, போன் பண்ணிச் சொல்லு."

"பண்ணேன். எழிலன் சார் எடுத்தாரு. கட்டுரையில பேர் இல்லாதவங்க இதுல தலையிடக் கூடாதுன்னு போன வச்சுட்டாரு."