சத்திரத்து மணி

அந்தச் சத்திரத்தில் உச்சிவேளை மணி அடித்தால் வழிப்போக்கர்களுக்குச் சோறு போடுவார்கள். சத்திரம் சர்க்கார் கமிட்டியின் கைக்குப் போன வருஷம், செலவு அதிகம் என்று சோற்றை நிறுத்தினார்கள். மணியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லை. ஆகவே காவல்காரர் தாண்டவராயன் தினமும் அடித்தார்.

"கூப்பிட்டா யாருமே வர்றதில்லையே" என்றது மணி.

"ஊர்க்காரங்களுக்குத் தெரியும்" என்றது வாசலில் படுத்திருந்த நாய். "நானே மூணாம் நாளோட எழுந்திருக்கிறதை விட்டுட்டேன்."

ஒருநாள் சத்தம் கேட்டு வெளியூர்க்காரி ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்தாள். பூட்டிய சமையற்கட்டின் முன்னால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். "இப்பத் திறப்பாங்க" என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவள் எழுந்து போன பிறகு, "இனிமே நான் யாரையும் கூப்பிட மாட்டேன்" என்றது மணி. மறுநாள் தாண்டவராயன் கயிற்றை இழுத்ததும் தன் நாக்கைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டது.

அவர் கமிட்டிக்கு எழுதினார். சோறு கேட்டு எழுதிய மூன்று கடிதங்களுக்கு இன்னும் பதில் இல்லை. இதற்கு எட்டாம் நாளே பட்டணத்திலிருந்து புது நாக்கு வந்துவிட்டது.

அன்று உச்சிவேளையில் மணி முன்னைவிடக் கணீரென்று ஒலித்தது. நாய் காதை மடக்கிக்கொண்டது. தூரத்துச் சாலையில் ஒரு கிழவர் நடையை எட்டிப் போட்டார்.