அம்மா திரும்பிய பக்கம்

சூப் தட்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள். அம்மா இன்னும் வலப்பக்கம் இருந்த பிஷப்பிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு விருந்துக்கு ஒரு முறை உண்டு. சூப் முடியும்வரை அம்மா வலப்பக்கம் பேசுவார். அதையொட்டி மேஜை முழுக்க இரண்டிரண்டு பேராகப் பேச்சு நடக்கும்.

இறைச்சி வந்ததும் அம்மா இடப்பக்கம் திரும்புவார். உடனே எல்லோரும் மறுபக்கம் திரும்பிவிட வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பரம விரோதியானாலும் சரி.

இரண்டு வருடமாக அம்மா திரும்புவதே இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் எங்கள் குடும்பம் கைதேர்ந்தது. மூன்று தலைமுறையாக அமைச்சர்களும் தூதர்களும்தான்.

எதிர்க்கோடியில் அப்பா. அவருக்கு இடப்பக்கம் என் பெரியண்ணன் எவரார்ட். யார் எங்கே என்று பெயர் அட்டைகளை வைத்தவர் அம்மா.

போருக்குச் சம்மதம் சொன்ன அமைச்சர்களில் அப்பா ஒருவர். சின்னண்ணன் ஜூலியன் பிரான்சில் குண்டடிபட்டுச் செத்த மாதமே எவரார்ட் தூதரக வேலையை உதறிவிட்டு, தம்பியைச் சாக அனுப்பியவர்கள் யார் யார் என்று பத்திரிகையில் எழுதினான். அப்பாவின் பெயரும் அதில் இருந்தது.

அன்றிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாளை லிவர்பூலில் எவரார்டுக்குக் கப்பல். திரும்பி வரும் எண்ணம் அவனுக்கு இல்லை.

"ஏண்டா, கனடாவுல கரடிங்களுக்குத்தான் இனிமே தூதரா?" என்றார் அவனுக்கு அடுத்திருந்த ஹியூபர்ட் சித்தப்பா.

"கரடிங்க பொய் சொல்லாது சித்தப்பா."

அப்பாவுக்கு அது கேட்டது. ஆனாலும் தன் வலப்பக்கம் இருந்த அத்தையிடம் ரோஜாச் செடிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பேச ஆளில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

வறுத்த காட்டுக்கோழி உள்ளே வந்தது.

அம்மா பிஷப்பைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு இடப்பக்கம் திரும்பினார்.

"அப்புறம், சொல்லு கண்ணா."

முதலில் சித்தப்பா பிஷப் பக்கம் திரும்பினார். அத்தை என் பக்கம் திரும்பினாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

அப்பாவுக்கு மிச்சமிருந்தது எவரார்ட் மட்டும்தான்.

அரசர்களோடு பேசி உடன்படிக்கை முடித்தவர், உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். மறுபடியும் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"அங்க குளிரு ஜாஸ்தின்னு சொல்றாங்க. கனமா கோட்டு ஏதாச்சும் வச்சிருக்கியா?"

எவரார்ட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லப்பா."

"என்னோடத எடுத்துட்டுப் போ. தோளு உனக்குச் சரியா இருக்கும்."

அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. குதிரைக்குக் கால் தேவலையா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். தலையாட்டினார். கொஞ்சம் சிரிக்கவும் செய்தார்.

பரிமாறுபவர் அம்மாவுக்கும் எனக்கும் நடுவே குனிந்து, ஒரு சூடான தட்டை வைத்துவிட்டுப் போனார்.

அங்கே ஜூலியனின் நாற்காலிக்கு முன்னால் நாப்கின் மடிப்புக் கலையாமல் இருந்தது.