கிறிஸ்துமஸ் மத்தியானத்துப் பேய்ப் படம்

ஊரில் மற்ற வீடுகளைப் போலவே ஜெபமலரின் வீட்டுத் தொலைக்காட்சியிடமும் வாய்விட்டு எதையும் கேட்க வேண்டியதில்லை. அறையில் இருப்பவர்களில் யாருக்கு ஆசை மிகுதியோ, அவர் மனதில் இருக்கும் படத்தை அதுவே போட்டுவிடும்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் போதகர் எபனேசர் வீடு வீடாகச் சந்தித்துவிட்டு வந்தார். ஜெபமலர் அச்சுமுறுக்குத் தட்டை நீட்டி, "இன்னைக்கு இயேசு பிறப்புப் படம் மட்டுந்தான் ஐயா பார்ப்போம்" என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் திரையில் ஒரு பாழடைந்த பங்களா வந்தது. ஒருவன் லாந்தர் விளக்கோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். பழைய பேய்ப் படம்.

ஜெபமலருக்கு மானம் போயிற்று. கணவன் ஞானதாசை முறைத்தாள். "ஐயா வந்த நேரத்துலதான் உங்களுக்குப் பேய் கேக்குதா?"

"நான் கேக்கைத் தவிர வேற எதையும் நெனைக்கல மலரு."

அவள் நம்பவில்லை. விறுவிறுவென்று போய் அணைக்கக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா," என்றார் போதகர். அவர் கண் திரையைவிட்டு அகலவில்லை. "அவரை ஏசாதீங்க. காலையிலேர்ந்து பத்து வீடு போயிட்டு வாறேன். பத்து வீட்டுலயும் இந்தப் படந்தான் ஓடுச்சு. பாவம், புருஷமாருதான் ஏச்சு வாங்குனாங்க. படத்துல அவன் மாடிக் கதவைத் தொறக்கறதுக்குள்ள எல்லாரும் அணைச்சுப் போட்டாங்க."

ஜெபமலர் கையை இழுத்துக்கொண்டாள். ஞானதாஸ் எழுந்து போய், தெருவில் போகிறவர்கள் பார்க்காதபடி வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தான்.