பி பக்கத்தில் ஒன்றும் இல்லை

பதினேழாவது நிமிடம் வரை யாரும் இருமவில்லை.

பதினெட்டில் டேவிட்ராஜ் இருமினான். பத்துப் பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒலிபெருக்கியில் எதுவும் ஒலிக்கவில்லை. அதுதான் பாட்டு.

'மின்தடை' இரட்டையர் முப்பது வருடத்துக்கு முன்னால் வெளியிட்ட முதல் கேசட்டின் பி பக்கம். முழுக்க வெறுமை. ஏ பக்கத்தில் எலக்ட்ரானிக் இசை என்று ஏதோ இருந்தது. அதைப் பற்றி இந்த ரசிகர் குழுவில் யாரும் பேசுவதில்லை.

இப்போது இரட்டையர் தங்கள் இசை வாழ்க்கையை பழைய தாள், படம் எல்லாம் ஒட்டிய ஓர் ஒட்டுப்புத்தகமாகப் போட்டு, கூடவே ஓர் ஆல்பமும் தந்திருக்கிறார்கள். அதில் கடைசியாக வருவது பழைய வெறுமையேதான். தூய்மைப்படுத்தியது.

இருபத்திரண்டு நிமிடம் முடிந்ததும் நவநீதன் கண்ணைத் திறந்தான். குழுவின் ஒருங்கிணைப்பாளன். பழைய வெறுமையில் ஒரு கரகரப்பு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள், உயிர் போய்விட்டது என்றான். டேவிட்ராஜ் ஒப்புக்கொள்ளவில்லை. இதில்தான் ஆழம் கூடியிருக்கிறதாம்.

தீர்ப்புக்காக எல்லோரும் கூட்டத்தின் மூத்தவரைப் பார்த்தார்கள்.

பி பக்கத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவர் அவர். காந்திபுரத்து மாடி அறையில் மாதாமாதம் நடக்கும் இந்தக் கூட்டத்தில், அவர் சொன்ன பிறகு வேறு யாரும் சொல்வதில்லை.

"ரெண்டும் வேற வேற 'ஒண்ணுமில்ல'" என்றார்.

நவநீதன் குறித்துக்கொண்டான்.

பிறகு புத்தகத்தைப் புரட்டினார்கள். கிழிந்த நுழைவுச் சீட்டு. சாலிடரிங் செய்யும்போது சுட்டுக்கொண்ட ஒரு கட்டைவிரலின் புகைப்படம், முழுப் பக்கத்துக்கு.

பக்கம் அறுபத்தொன்று.

கோடு போட்ட தாளில் ஒரு கடிதம். எழுதியவர் பெயர்மேல் பசை வழிந்து பழுப்பாகி, படிக்க முடியாமல் இருந்தது.

'ஐயா, தங்கள் கேசட்டின் பி பக்கத்தில் ஒன்றும் இல்லை. மாற்றித் தரவும். பதிலுக்கு ஸ்டாம்பு வைத்திருக்கிறேன்.'

கீழே இரட்டையரின் குறிப்பு: 'எல்லாம் அப்படித்தான் வந்தது.'

நவநீதன் குறிப்பை இரண்டு முறை உரக்கப் படித்தான். எவ்வளவு பெரிய தத்துவம் என்றான்.

கடிதத்துக்குச் சிரித்தார்கள்.

"பொட்டுக்கடலைல வண்டு இருக்குன்னு கடைக்காரன்கிட்ட மாத்திக் கேக்கற மாதிரி கேட்டிருக்கான் பாருங்ணா" என்றான் டேவிட்ராஜ்.

அவரும் சிரித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

நவநீதன் கடிதத்தைக் கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினான். 'இல்லை'யில் உள்ள லையைப் பாருங்கள், தும்பிக்கை வைத்திருக்கிறான், அந்தக் காலத்து எழுத்து, யாரோ பெரிசு என்றான்.

லை, ணை, னைகளின் தும்பிக்கையை வெட்டிய எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அவர் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார். மூளை ஏற்றுக்கொண்டது. கை ஏற்கவில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவே இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு சிற்றிதழில் யாரோ, அந்த வெறுமை ஒரு கலகம் என்று எழுதியிருந்தார்கள். அன்று மாலையே பி பக்கத்தை மறுபடி போட்டுக் கேட்டார்.

கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இப்போது தெரிந்துபோனால் நாற்பது பக்கமும் போச்சு.

எதிரே மங்கை உட்கார்ந்திருந்தாள். நாற்பது பக்கத்தையும் டைப் செய்து தந்தவள். அவர் கையெழுத்தைப் பார்த்தவள் இங்கே அவள் ஒருத்திதான். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் லேபிளை உரித்துக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தின் கடைசித் தாளைக் காலியாக விட்டிருந்தார்கள். மேலே மட்டும் 'இங்கே நீங்கள்' என்று இருந்தது. ஆளுக்கொரு வரி எழுதி, இந்தப் பிரதியை இரட்டையருக்கே அனுப்புவதாக ஏற்பாடு.

நவநீதன் பேனாவை நீட்டினான்.

"மொத வரி நீங்கதானுங்ணா."

மூடியைக் கழற்றினார்.

எல்லையற்ற கலை. வேண்டாம்.

இணையற்ற. வேண்டாம்.

என்றும் நினைவில் நிற்கும். வேண்டாம்.

தலைவணங்குகிறேன். அதிலும் இரண்டாவது எழுத்தே தும்பிக்கை.

தும்பிக்கை இல்லாமல் தமிழில் ஒருவரைப் புகழவே முடியாது என்பது அறுபத்தொரு வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. பெயரை மட்டும் எழுதலாம் என்றால், அப்பா வைத்த பெயர் மலையில் முடிகிறது.

புது லை போடலாம். பாதி வழியில் கை தானாகவே தும்பிக்கையைத் தூக்கிவிடும்.

நவநீதனின் கைபேசியில் அந்த லை இன்னும் பெரிதாக நின்றுகொண்டிருந்தது.

அவர் பேனாவை மூடினார். தாளின் நடுவில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நவநீதன் வெற்றுத் தாளைப் பார்த்தான்.

பார்த்துக்கொண்டே இருந்தான். கண் கலங்கியது.

பேனா கைமாறியது. நவநீதன் எழுதவில்லை. டேவிட்ராஜ் எழுதவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் எதுவும் எழுதாமல் அடுத்தவரிடம் தந்தார்கள். டேவிட்ராஜ் மட்டும், தன்னுடையது வலது ஓரத்தில் இருப்பதாக நவநீதனிடம் சொல்லி வைத்தான்.

மங்கை பேனாவையே வாங்கவில்லை.

கலைந்தார்கள். மாடிப்படியில் செருப்பு மாட்டும் இடத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் கீழே இறங்கும்வரை காத்திருந்தாள்.

"ஸ்டாம்பாச்சும் திரும்பி வந்துச்சுங்களாண்ணா?"

அவர் ஒரு செருப்பை மாட்டியிருந்தார். மற்றதைத் தேடுவதுபோல வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

அது கண் முன்னால்தான் இருந்தது.